சித்திரைக் கொழுந்தும் சின்னப்பிள்ளையும்

மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும் மலையில் முதல் மழை விழுந்து கொஞ்ச நாள் போகட்டும், தேயிலை ஒரேயடியாகத் துளிர்த்துவிடும். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ, தலவாக்கலை என்று எங்கள் பக்கத்து மலைகளுக்கெல்லாம் இதுதான் வழக்கம். சித்திரை, வைகாசியில் கொழுந்து கைமீறிப் போகும். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு ஆள் கேட்பார்கள். வருசப்பிறப்பு, பள்ளிக்கூட லீவு, மாரியம்மன் திருவிழா, கொழும்பில் வேலை செய்யும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவது, நுவரெலியாவில் சீசன் எல்லாம் அதே மாதத்தில்தான் வந்து குவியும். உன் வீட்டு ஒன்றரை வயசுப் பிள்ளையும் இஸ்தோப்பைத் தாண்டி ஓடப் பழகியிருப்பது அப்போதுதான்.

நான் முதலில் கொழுந்து எடுத்தவள். பிறகு தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்ந்தவள். பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகிறவள் மனசும் தெரியும், வாங்கி வைத்துக்கொள்கிறவள் பாடும் தெரியும். கொழுந்துக் காலத்தில் ஒரு பிள்ளை விடிந்ததிலிருந்து அடைவதற்குள் அம்மா, ஆயா, அப்பா, பாட்டி, அக்கா என்று எத்தனையோ கை மாறுகிறது. ஒரு கை விட்டு இன்னொரு கை வாங்குவதற்குள் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பிள்ளை விழுகிறது, சுட்டுக்கொள்கிறது, பசியோடு தூங்கிப்போகிறது. சின்னப் பிள்ளையோடு கொழுந்துக் காலத்துக்குள் போகிற மகளே, கீழே சொல்வதெல்லாம் அந்த நேரத்தைப் பற்றித்தான்.

1. கொழுந்து வந்தபிறகு பிள்ளைக்காம்பராவுக்குப் பழக்காதே.

தை, மாசியில் வெயிலும் பனியும் சேர்ந்து கொழுந்து குறைந்திருக்கும், வேலை நாளும் குறையும். பிள்ளையைப் பழக்க வேண்டியது அப்போது. முதலில் நீயும் கூட உட்கார்ந்திரு. பிறகு அரை நாள் விட்டுப் பார். ஏணையில் தூங்கிப் பழகியதா, பாய் போதுமா, எந்தக் கோப்பையில் தண்ணீர் குடிக்கும் என்று ஆயாவுக்குத் தெரியவர ஒரு கிழமையாவது வேண்டும். ஒரு வயது வரை பாட்டியிடம் விட்டுவைத்து, கொழுந்து நிரம்பிய அன்றைக்குத் தூக்கிவந்து கொடுத்துவிட்டு மலைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பகல் முழுக்க அழும், எதுவும் இறங்காது. தாய் மலையில் நின்று அதையே நினைத்துக்கொண்டிருப்பாள், கூடையும் நிரம்பாது.

என் அம்மா காலத்தில் மரக்கிளையில் ஏணை கட்டி, பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தார்கள். இப்போதும் சிலர், "மலைக்கே தூக்கிட்டுப் போயிடுறேன்" என்கிறார்கள். குளவி கொட்டினால் பெரியவர்களே ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். நடக்கப் பழகிய பிள்ளையை அங்கே கொண்டுபோகாதே.

2. பாலை நிறுத்தாதே.

சீசன் வருகிறதே என்று மார்பில் கரியபோளம் தடவிப் பாலை மறக்கடிக்கிற வேலை இன்னும் நடக்கிறது. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று கிளினிக்கில் சொல்வது வேலைக்குப் போகிற தாய்க்கும் சேர்த்துத்தான். பகலில் முடியாவிட்டால் விடியலில் ஒரு தரம், அந்திக்கு ஒரு தரம், ராத்திரியில் பிள்ளை கேட்கிறபோது கொடு. பகல் முழுக்க உன்னைக் காணாத பிள்ளை ராத்திரியில் கூடுதலாகத்தான் கேட்கும். தூக்கம் போகும், உண்மைதான். அதற்கு ஒரு வழியும் எனக்குத் தெரியாது, பகலில் கிடைத்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர.

பிள்ளைக்கு ஒரு வயது ஆகவில்லை என்றால் இன்னொன்றும் தெரிந்துகொள். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939-லேயே வந்தது. இப்போது அதில் உள்ளபடி, ஒன்பது மணித்தியால வேலைக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளை உனக்குண்டு. பிள்ளைக்காம்பரா இருக்கிற இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரத்தில் அதைச் சேர்க்க முடியாது. 84 நாள் பிரசவ லீவைக் கேட்டு வாங்குகிற பிள்ளைகள் இந்த இடைவேளையை மட்டும் கேட்பதில்லை. கங்காணியிடம் கெஞ்சிக் கேட்கிற சலுகை அல்ல அது. ஆனால் மலை தூரமாக இருந்தால் அரை மணித்தியாலம் நடக்கவே போய்விடும். காலையில் வேலை பிரிக்கிற பிரட்டிலேயே கிட்டத்து மலை கேட்டுப் பார்.

3. காலையில் பிள்ளையை வாசலில் வைத்துவிட்டு ஓடாதே.

நான்கு விஷயம் சொல்லிவிட்டுப் போ: கடைசியாக எப்போது சாப்பிட்டது, ராத்திரி தூங்கியதா, வயிறு எப்படி இருக்கிறது, மருந்து ஏதும் கொடுத்தாயா. சொல்ல ஒரு நிமிசம் ஆகாது.

நாலாவதை மறைப்பவர்கள்தான் அதிகம். காய்ச்சல் என்றால் ஆயா வாங்கமாட்டாள், ஒரு நாள் பேர் போய்விடும் என்று, விடியவே பனடோல் சிரப்பைக் கொடுத்துச் சூட்டை இறக்கிக் கொண்டுவருவார்கள். பத்து மணிக்கு மறுபடி காய்ச்சல் ஏறும்போது ஆயாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளும் பாவம், இன்னொரு கரண்டி கொடுத்துவிட்டால் என்ன ஆவது? காய்ச்சல் பிள்ளையோடு ஒரு நாள் வீட்டில் இரு. அன்றைக்குப் போகிற சம்பளம் எவ்வளவு என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்திக்குப் பிள்ளையை யார் கூட்டிப்போக வருவார்கள் என்பதையும் காலையிலேயே சொல்லிவிடு. "யாராச்சும் வருவாங்க" என்று சொல்லாதே.

4. பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்காதே.

தேயிலைத் தோட்டத்திலிருந்துகொண்டு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ரொட்டியைப் பிளேன்டீயில் நனைத்து ஊட்டினால் பிள்ளை பேசாமல் விழுங்கும், வேலையும் சுருக்காக முடியும். ஆனால் சாப்பாட்டிலிருக்கிற இரும்புச்சத்தைத் தேயிலைச் சாயம் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துவிடும். வெளுத்துப்போன கண்ணும் சோர்ந்த முகமுமாக இருக்கிற பிள்ளைக்குக் காலையிலும் அந்திக்கும் தேத்தண்ணி என்றால் இரத்தம் எங்கே ஊறும்? கொதித்தாறிய தண்ணீர் கொடு, பால் கொடு. சீனி போட்ட தேத்தண்ணி வயிற்றையும் அடைத்துவிடும். பிறகு சோறு இறங்காது.

5. விடியலில் சமைப்பதில் பிள்ளையின் பங்கை முதலில் எடுத்து வை.

1973, 74 பஞ்சத்தில் மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றவள் நான். அன்றைக்குப் பெரியவர்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். முதலில் ஒடுங்கிப்போனது சின்னப் பிள்ளைகள்தான். இன்றைக்கு அப்படிப் பஞ்சமில்லை. இருந்தாலும் கொழுந்துக் காலத்தில் நம் வரிசை வீட்டு லயத்துக்குள் ஒரு சின்னப் பஞ்சம் வரும். சாமான் இருக்கும், ஆக்கிக் கொடுக்க ஆள் இருக்காது. ரொட்டியும் சம்பலுமாகவே நாள் ஓடிவிடும். பெரியவர்கள் வயிறு அதைத் தாங்கும். பிள்ளைக்குச் சம்பல் உறைக்கும், வெறும் ரொட்டியைப் பிய்த்து மென்றுவிட்டுப் போய்விடும்.

அதன் வயிறு அதன் கைப்பிடி அளவுதான். மூன்று வேளை பெரிய சாப்பாடு அதற்கு ஆகாது. அஞ்சாறு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். நெத்தலியைக் கழுவி, உப்புப் போக ஊறவைத்து, காயவிட்டு வறுத்து இடித்து ஒரு போத்தலில் போட்டு வை. கொழுந்துக்கு முந்தின மாதமே செய்துவிடலாம். குழைந்த சோறு, பருப்பு, ஒரு கரட் துண்டு, மேலே ஒரு கரண்டி நெத்தலித் தூள், ரெண்டு சொட்டு எண்ணெய். விறகடுப்பிலும் இதற்கு அரை மணித்தியாலம் போதும். இடமிருந்தால் ஒரு கோழி வளர். முட்டையை விற்றுக் காசாக்காமல் பிள்ளைக்குக் கொடுத்தால் கோழி வளர்த்ததற்கு அர்த்தமுண்டு.

கிளினிக்கில் தருகிற திரிபோஷ சத்துமா பிள்ளைக்கானது. உருண்டை பிடித்து வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைத்தால் ஒரு பொதி ரெண்டு நாளில் முடியும். பெரியவனுக்கு ஆசை வரும், ஒரு உருண்டை கொடு, அதோடு மூடி வை.

6. பிள்ளையை நிறுக்கிற நாளை விடாதே.

காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை என்று கொழுந்தைத் தூக்கிக்கொண்டு தராசுக்கு முன் வரிசையில் நிற்கிறாய். முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கிறாய். கூடைக்கும் தண்ணிக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று சண்டை போடுகிறாய், போட வேண்டியதுதான். 18 கிலோ என்று வைத்திருக்கிற தோட்டத்தில் 17-இல் நின்றால் அன்றைய பேரே கேள்விக்குறி. ஆனால் மாதத்துக்கு ஒரு தரம் பிள்ளையை நிறுக்கக் கூப்பிட்டால், "அடுத்த மாசம் பார்ப்போம்" என்கிறாய். பிள்ளைத் தராசில் ஒருவரும் கழிவு வெட்டமாட்டார்கள்.

இதை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2016-இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் இலங்கை முழுதுக்கும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7. ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை. "எங்க பரம்பரையே குட்டைதான்" என்று சொல்லிக்கொள்வது எளிது. வளர்ச்சி அட்டையிலிருக்கிற கோட்டைப் பார்த்தால் கதை வேறு. ஆறு மாதம் வரை, தாய்ப்பாலோடு, கோடு மேலே போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் படுக்கத் தொடங்கும். படுக்கிறதை ஒரு மாதத்தில் கண்டுபிடித்தால் சாப்பாட்டைத் திருத்தலாம். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் நிறுக்காமல் விட்டால், ஆடியில் மிட்வைப் அட்டையைத் திறக்கும்போது நீயும் அவளும் சேர்ந்து முழிப்பீர்கள்.

ஊசியும் அப்படித்தான். ஒன்பதாம் மாதம், ஒரு வயது, ஒன்றரை வயது என்று மூன்று ஊசி நடைபழகும் காலத்தில் வருகிறது, பிறகு மூன்று வயதில் ஒன்று. கொழுந்து மாதத்தில் விழுந்தால் முன்கூட்டியே கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவை.

7. தம்பி, இது உனக்கு.

கவ்வாத்து, கான் வெட்டு, மருந்தடி எல்லாம் அளந்து கொடுக்கிற வேலை. முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். பகல் ஒன்று, ஒன்றரைக்கெல்லாம் ஆம்பிளைகள் லயத்துக்கு வந்துவிடுகிறார்கள். கொழுந்து எடுக்கிறவள் அந்தி நிறுவை முடிந்து வர அஞ்சு, அஞ்சரை ஆகும். 1984-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளத்தை ஒன்றாக்கினார்கள். நேரத்தை ஒருவரும் ஒன்றாக்கவில்லை. அந்த மூன்று நாலு மணித்தியாலம் உன் கையில் இருக்கிறது. கடைச்சந்தியில் நிற்பதற்கும் கரம்போர்டு அடிப்பதற்கும்தான் அது என்று எழுதியா வைத்திருக்கிறது?

குளி. மருந்தடித்துவிட்டு வந்தாயானால் உடுப்பைக் கழற்றித் தனியாகப் போட்டுவிட்டு, சவர்க்காரம் போட்டுக் குளித்தபிறகே பிள்ளையைத் தொடு. பிறகு பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவா. வெயில் இருக்கும்போதே குளிப்பாட்டு, ஒரு வாய் ஊட்டு. பொம்பிளை வந்து பீலித் தண்ணீரை அந்திக் குளிரில் சுடவைத்துக் குளிப்பாட்டுகிறவரை ஏன் காத்திருக்கிறாய்? சித்திரையில் பகல் திரும்பினால் இடிமழை வருகிற ஊர் இது. நனைந்துகொண்டு அவள் ஒரு பக்கம் ஓடுவாள், பிள்ளை ஒரு பக்கம் அழும்.

"ஆம்பிளை புள்ள தூக்கிட்டுப் போறான்" என்று லயத்தில் சிரிப்பார்கள். நாலு நாள் சிரிப்பார்கள். அஞ்சாம் நாள் அவர்கள் வீட்டுப் பொம்பிளைகள் அவர்களைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

8. பத்து வயசு அக்கா ஆயா அல்ல.

லீவுக்குப் பள்ளிக்கூடம் மூடியதும் பிள்ளைக்காம்பராவில் எண்ணிக்கை குறையும். "பெரியவ வீட்டிலதான இருக்கா" என்பார்கள். அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு விளையாடட்டும், பாட்டுப் பாடட்டும். அடுப்பு மூட்டி, பால் காய்ச்சி, மலம் கழுவி, தூங்கவைக்கிறதெல்லாம் அவள் தலையில் வேண்டாம். லீவென்றாலும் பிள்ளைக்காம்பரா திறந்திருக்கும்வரை பிள்ளையை அங்கேயே விடு. அவளுக்கும் லீவு வேண்டுமே.

9. லயத்துக் காம்பராவைப் பூட்டிவிட்டுப் போகாதே.

தூங்குகிற பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டி, கடைக்குப் போய் வந்துவிடலாம் என்று நினைக்காதே. ஒரே கூரை, ஒரே தகரம், பழைய வயர். ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுக்க ஓடுகிற செய்தியை வருசாவருசம் கேட்கிறோம். பக்கத்து வீட்டுக்காரியை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போ, திறந்து வைத்துவிட்டுப் போ.

மற்றவை சுருக்கமாக. தண்ணீர் நிறைந்த வாளி, பீப்பா எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும், பிள்ளை மூழ்க முழங்கால் ஆழத் தண்ணீர் போதும். மிலாறு விறகு எரிகிற அடுப்புக்குக் குறுக்கே ஒரு பலகை. களைக்கொல்லி, மரக்கறித் தோட்டத்து மருந்து, மண்ணெண்ணெய் எதையும் சோடாப் போத்தலில் ஊற்றாதே, ஒரு நாளும். பிள்ளைக்குப் போத்தலின் வடிவம்தான் தெரியும்.

10. அந்திக்கு வந்ததும் பிள்ளை அழுதால் கோபப்படாதே.

முதலில் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து வெளியே உதறு, அட்டை இருக்கும். கையைக் கழுவு. பிறகு பிள்ளையை வாங்கு.

"இவ்வளவு நேரம் நல்லாத்தான் இருந்துச்சு, நீ வந்ததும்தான் ஆரம்பிக்குது" என்று மாமியார் சொல்வார். ஆயாவாக இருந்தபோது நானும் தாய்மாரிடம் இதையே சொல்லியிருக்கிறேன், அது உண்மையும்கூட. பகல் முழுக்க அடக்கிவைத்ததை யாரிடம் கொட்டலாம் என்று பிள்ளைக்குத் தெரியும். அப்போது அடுப்பு மூட்டப் போகாதே. இஸ்தோப்பில் உட்கார்ந்து பத்து நிமிசம் மடியில் வைத்துக்கொள். கால் கடுக்கும் உனக்கும் அது நல்லது. அந்தப் பத்து நிமிசத்தைக் கொடுக்காமல் சமையலுக்குப் போனால் ஒரு மணித்தியாலம் முந்தானையைப் பிடித்து இழுக்கும், அப்போதுதான் சுடுதண்ணீர் கவிழும்.

ஃபோனைக் கையில் கொடுத்து வாயை மூடவைப்பது வேலை செய்யும். அதுதான் அதிலுள்ள கெடுதியும். நாளைக்கு ஃபோன் இல்லாமல் சோறு இறங்காது.

11. வருசப்பிறப்பு, திருவிழா, சீசன்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஆசையோடு வருவார்கள். டொபி, பிஸ்கட், மிக்சர். கடலை, முழு முறுக்கு, கெட்டி டொபி மூன்றையும் நடைபழகும் பிள்ளை கைக்கு எட்டவிடாதே, தொண்டையில் சிக்கும். மாமா மனம் நோகும் என்று பார்க்காதே.

வீட்டில் ஆள் நிறைந்திருக்கும்போதுதான் பிள்ளை காணாமல் போகும். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். "இப்போ புள்ள என்கிட்ட" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கைமாற்றும்போது அடுத்தவர் சொல்ல வேண்டும். தேர்த் திருவிழாக் கூட்டத்திலும் இதுதான்.

நுவரெலியாவுக்குப் பூக்கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் பார்க்கப் போகிறவர்கள் ரெண்டு வயசுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது நல்லது. பஸ்ஸில் நெரிசல், ரோட்டில் மணிக்கணக்காக வாகனம் நிற்கும், கிரகரி வாவிக் கரையில் குளிர்காற்று. அதற்குக் குதிரையும் தெரியாது, பூவும் தெரியாது. போகத்தான் வேண்டுமென்றால் சித்திரைக் கூட்டம் கலைந்தபிறகு விக்டோரியா பூங்காவுக்குக் கூட்டிப்போ, புல்லில் ஓடட்டும்.

12. மாமியாரோடு பிள்ளை விஷயத்தில் சண்டை வந்தால், சின்னதை விட்டுக்கொடு. மை வைப்பது, கயிறு கட்டுவது, தொப்பி போடுவது எல்லாம் அவர் இஷ்டம். தேத்தண்ணி, மருந்து, அடுப்பு மூன்றில் மட்டும் இறங்காதே.

13. வயிற்றோட்டம், மூச்சிரைப்பு.

முதல் மழையோடு பீலித் தண்ணீர் கலங்கும், வயிற்றோட்டம் வரும். அதற்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனித் தூள் கடையிலும் டிஸ்பென்சரியிலும் கிடைக்கும். ஒரு பொதியை முழுசாக ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரை. பாதிப் பொதி, பாதித் தண்ணீர் என்று கண்மட்டத்தில் கலக்காதே. ஒரு நாளைக்கு மேல் வைக்காதே. பால், சாப்பாடு எதையும் நிறுத்தாதே. கண் குழிந்து, சிறுநீர் போகாமல், கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தால், அல்லது மூச்சுவிடும்போது விலா உள்ளே இழுத்தால், விடியட்டும் என்று பார்க்காதே.

கொழுந்து லொறி வருகிறவரை காத்திருந்த காலம் போய்விட்டது. 1990 அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. எங்கள் பக்கம் பெரும்பாலும் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோவார்கள். ஆனால் நாம் கூப்பிடுகிற தோட்டத்துப் பெயரைச் சொன்னால் அவர்களுக்குத் தெரியாது. ரோட்டோரப் பலகையில் எழுதியிருக்கிற பெயர், டிவிசன், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், லயம் எத்தனையாவது, வாகனம் எதுவரை வரும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வை. பதற்றத்தில் யார் ஃபோனை எடுத்தாலும் பார்த்து வாசிக்கலாம். பெரியவளுக்கும் அதை வாசிக்கப் பழக்கு. பிள்ளையின் வளர்ச்சி அட்டையையும் அதே இடத்தில் ஒரு பையில் மாட்டி வை, டொக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.